மரோட்டி எண்ணெயும் மரத்துப்போன கால்களும்

எலப்புள்ளிப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு மரோட்டி என்றால் முதலில் விளக்குதான். காயை இரண்டாகப் பிளந்து உள்ளிருப்பதை வழித்தெடுத்துவிட்டு, ஓட்டில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டால் நின்று எரியும். தமிழில் இதற்கு நீரடிமுத்து என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்றோரக் காடுகளில் வளரும் இம்மரத்தின் எண்ணெயும், இதன் பங்காளியான சால்முக்ரா எண்ணெயும் ஒரு காலத்தில் உலகெங்கும் தொழுநோயாளிகளின் உடம்பில் ஊசியாக ஏற்றப்பட்டன.

தொழுநோயைத் தோல் வியாதி என்றே நம்மவர் நினைப்பார்கள். அடிப்படையில் அது நரம்பு வியாதியுந்தான். 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்ட கிருமி, கை கால்களுக்குப் போகும் நரம்புகளில் குடியேறி உணர்ச்சியைக் கெடுக்கிறது.

வைத்தியர்கள் கையாண்ட எண்ணெயை மேலை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் வங்காளத்தில் பணியாற்றிய மௌவாட்; ஆண்டு 1854. குடித்தால் குமட்டும், ஊசி போட்டால் வலி உயிர் போகும். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற கறுப்பின இளம்பெண், உடம்பு ஏற்கும்படி அதை மாற்றும் வழியைக் கண்டார். 1916இல் 24 வயதிலேயே அவர் இறந்துபோனார். பல்லாண்டுகள் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை என்பது தனிக்கதை.

சரி, குணம் கிடைத்ததா? சிலருக்குத் தேமல் மங்கியது. ஆனால் இந்நோய் தானாகவே ஏறி இறங்கும் குணமுடையது. இறங்கும் சமயத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். எண்ணெய் கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்து யாரும் அதை நிலைநாட்டவில்லை. 1941இல் அமெரிக்காவின் கார்வில்லில் சல்போன் மருந்து பயன்படுத்தப்பட்டது. 1940களின் பிற்பாதியில் செங்கல்பட்டில் காக்ரேன் அதே குடும்பத்து மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். எலப்புள்ளி அன்று மலபார் ஜில்லா, சென்னை மாகாணம். ஆகவே செங்கல்பட்டுச் சங்கதி எங்களுக்கும் சொந்தம்தான்! எண்ணெய் ஊசி மெல்ல ஒதுங்கியது.

ஆனால் கிருமி செத்தாலும், முற்றிலும் பட்டுப்போன நரம்பு திரும்புவதில்லை. 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர், விரல்கள் ஏன் குறைகின்றன என்று கவனித்தார். சதை தானாக அழுகுவதில்லை. சுடுபாத்திரமும் ஆணியும் வலிக்காததால் காயம் மேல் காயம் படுகிறது என்று காட்டினார். மருந்துக்கு இணையாகச் செருப்பு முக்கியமாயிற்று.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது என் பெரியம்மாவால். சர்க்கரை வியாதிக்காரி. "காலு எரியுதுடா, அப்புறம் பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது" என்பாள். ஒரு வைத்தியர் எண்ணெயும் பொடியும் கொடுத்து, ராத்திரி சூடாக மணல் ஒத்தடம் போடச் சொன்னார். சூடு தெரியாத காலுக்குச் சூட்டு ஒத்தடம்! கொப்புளம் புண்ணாகி ஒரு விரல் போயிற்று. பொடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. மூன்றுமே நரம்பைக் கெடுக்கக்கூடியவை. எல்லா ஆயுர்வேத மருந்தும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன். ஊரிலிருந்து பார்சலில் வரவழைக்கும் நம்மவர் சீட்டு ஒட்டாத பொட்டலத்தை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இன்று சர்க்கரை நோயாளியின் பாதத்தை டாக்டர் ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிறார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. அந்த அளவு தெரியாவிட்டால் பாதம் தன்னைக் காத்துக்கொள்ளாது என்று கண்டறிந்ததும் தொழுநோயாளிகளைப் பார்த்த அதே கார்வில்லில்தான். பிராண்டும் 1966இல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.