பொட்டிப்புரம் மலையும் ரியோ மாநாடும்

தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலைகளின் அடிவாரத்தில் உள்ள கிராமம் பொட்டிப்புரம். அங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. சுமார் 2 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளக் குகை, அதற்குள் 50,000 டன் காந்த இரும்பாலான கருவி. தலைக்கு மேல் 1 கி.மீ. அளவுக்குப் பாறை இருந்தால்தான் காஸ்மிக் கதிர்களின் தொல்லை குறையும் என்பதால் மலை தேவைப்பட்டது.

இங்கே கனிமம் எடுப்பது நோக்கமல்ல. ஆனால் செய்யவேண்டியது சுரங்க வேலைதான். வெடிவைத்துப் பாறையை உடைத்து லாரிகளில் வெளியேற்ற வேண்டும். அப்படியானால் சுரங்கத் தொழிலுக்கு உலக அளவில் உருவான நெறிகள் இந்த மலையைக் காக்குமா?

அந்த நெறிகள் இரண்டு வகை. முதல் வகை, நிறுவனங்கள் தாமாகவே தரும் வாக்குறுதி. 2001ல் தொடங்கிய சுரங்க, உலோகங்களுக்கான சர்வதேசக் குழுமத்தின் உறுப்பு நிறுவனங்கள், உலகப் பாரம்பரியக் களங்களில் சுரங்கம் தோண்டுவதில்லை என்று 2003ல் அறிவித்தன. 2012ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் இந்த வாக்குறுதி உறுப்பினர்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

இரண்டாம் வகை, நாட்டின் சட்டத்துக்குள் நுழைந்தவை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டைத் தொடர்ந்து 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெருங்கேடு வரக்கூடும் என்றால் அறிவியல் உறுதி இல்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றது 1992 ரியோ பிரகடனம். வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் இதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 2010ல் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலும் இது இடம்பெற்றது.

அந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான் பொட்டிப்புரம் வழக்கும் போனது. கேரள எல்லையிலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதால் கடுமையான ஆய்வு தேவை என்று கூறி, 2011ல் தரப்பட்ட அனுமதியை 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் இதைச் சிறப்பு நேர்வாகக் கருதி, கட்டுமானத் திட்டங்களுக்கான பிரிவில் வைத்து மீண்டும் அனுமதி தந்தது. மலையைக் குடையும் வேலை, கட்டடம் கட்டும் வேலையாகிவிட்டது! அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்யவில்லை. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. 2022 பிப்ரவரியில், புலிகள் நடமாடும் வழித்தடம் என்று காரணம் காட்டித் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது.

நியூட்ரினோ ஆய்வு தேவையற்றது என்று இதற்குப் பொருளல்ல. உலக மாநாட்டு வாசகங்கள் சட்டமாகும்போதுதான் ஒரு கிராமம் அவற்றைக் கையிலெடுத்து வாதாட முடிகிறது. அதே சட்டத்தில் ஒரு திட்டத்தை எந்தப் பிரிவில் வைப்பது என்பது அரசின் கையில் இருக்கும்வரை, அந்தப் பாதுகாப்பு அரைப் பாதுகாப்புதான்.