கம்பிக்குள் ஓடிய வேகம் – 7: பூட்டியவர் யார்?

மல்லாவியில் ஓர் அலுவலகத்துச் சேர்வரோடு சென்ற வாரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நெட்வேர்க் கார்டில் பச்சை விளக்கு எரிகிறது. வேகம் 100 மெகாபிட் என்கிறது திரை. பிங் போட்டால் உடனே பதில். ஆனால் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினால், நெல் மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் சேற்றில் புதைந்த கதைதான். கேபிளை மாற்றினோம், கார்டையும் மாற்றினோம். அசையவில்லை.

குற்றவாளி பிறந்த ஆண்டு 1995. ஆளைப் பிடிக்க முதலில் 1973க்குப் போக வேண்டும்.

கலிபோர்னியாவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம். பொப் மெட்காஃப், டேவிட் பொக்ஸ் என்ற இருவர் கணினிகளையெல்லாம் ஒரே கம்பியில் கோத்தார்கள். ஈதர்நெட் அப்படித்தான் வந்தது. அப்போதைய வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். ஒரு கணினி பேசும்போது மற்றவை பொறுக்க வேண்டும். இரண்டு ஒன்றாகத் தொடங்கினால் மோதல். இரண்டும் நிறுத்தி, ஆளுக்கொரு கணம் காத்து, மறுபடி தொடங்கும். ஒருவர் 'ஓவர்' சொல்லும்வரை மற்றவர் வாய் திறக்காத வோக்கிப் பேச்சை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதுதான் ஹாஃப் டுப்ளெக்ஸ்.

பிறகு சுவிட்ச் வந்தது. போக ஒரு சோடிக் கம்பி, வர ஒரு சோடி. இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம்: ஃபுல் டுப்ளெக்ஸ். 1995இல் 100 மெகாபிட் தரம் வந்தபோது, எந்த முறையில் பேசுவதென்று இரண்டு முனைகளும் தாமே பேசித் தீர்க்கும் ஏற்பாடும் கூடவே வந்தது. ஆரம்பத்தில் சில கார்டுகள் அந்தப் பேச்சில் சொதப்பின. "வேகத்தையும் டுப்ளெக்ஸையும் கையால் பூட்டிவிடு" என்பது அன்று கெட்டித்தனம். நானும் அப்படிப் பூட்டித் திரிந்தவன்தான்.

ஆனால் பூட்டிய முனை பேச்சுக்கே வராது. மறுமுனை சமிக்ஞையைப் பார்த்து வேகத்தை அறிந்துகொள்ளும். டுப்ளெக்ஸை அறிய வழியில்லை. அப்போது ஹாஃப் என்று எடுத்துக்கொள் என்கிறது தரம்.

கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைச் சேர்வரில் அடித்தோம். கார்ட்: ஹாஃப். சுவிட்சில் பார்த்தோம்: ஃபுல், பூட்டியபடி. வவுனிக்குளத்துக் கட்டில் ஒருவர் ஒற்றைப் பாதை என்று ஒதுங்கி நிற்க, எதிரே வருபவர் இரட்டைப் பாதை என்று மிதித்து வந்தால் என்ன ஆகும்? பிங் சின்னப் பொதி, நழுவிப் போய்விடும். கோப்பு தொடர்ந்து போவது, நசுங்கும்.

சுவிட்சின் பூட்டைத் திறந்து, அதையும் தானே பேசித் தீர்க்கும் ஓட்டோவுக்கு மாற்றினோம். கோப்பு பறந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. தொலைந்தவை சில பொதிகள்தானே? அதற்காகச் சேர்வர் ஏன் அவ்வளவு பயந்து, வேகத்தைக் குறைத்து ஒடுங்கியது? அந்தப் பயத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்?

விடை தொடங்கும் இடம்: 1986 ஒக்டோபர், கலிபோர்னியாவின் பெர்க்லி. அங்கிருந்த ஓர் ஆய்வுகூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 யார் தூரந்தான். நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து! கம்பி அறவில்லை. வான் ஜேக்கப்சன் என்பவர் காரணத்தைத் தேடத் தொடங்கினார்.

(தொடரும்)