உரம்: மலையக இலக்கியத்தில் ஒரு சொல்லின் இருபொருள்

தமிழில் உரம் என்னும் சொல் நெஞ்சின் திண்மையையும் குறிக்கும். பயிர்க்கு இடும் எருவையும் குறிக்கும். ஊக்கமுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் முன்னைய பொருளையே கொண்டார். அவ்வுரம் அற்றவரை மரத்தோடு ஒப்பிட்டார். இலங்கை மலையகத்திலோ அச்சொல் பின்னைய பொருளிலேயே வேர்கொண்டது. தேயிலைக்கு உரம் போடுதல் ஆண்டுதோறும் நிகழும் தோட்டத் தொழில். அத்தேயிலைக்குத் தம் முன்னோரே உரமாயினர் என்பது மலையகப் பேச்சிலும் எழுத்திலும் ஓயாது ஒலிக்கும் கூற்று.

அக்கூற்று வெறும் அணியன்று. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், அச்சரிவுகளில் தேயிலை எழுந்தது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் விளையும் என்று ஆசைகாட்டி ஆள் திரட்டினர் என்பர். (மாசி என்றது மாசிக் கருவாட்டை, மீன் செடியின் அடியில் விளையும் என நம்பவைக்கப் பசி எவ்வளவு வேண்டும்!) தூரடியில் இருந்தவை அவையல்ல, புதையுண்ட மனிதரே.

புதுமைப்பித்தனின் துன்பக்கேணி (1935) அவ்வாழ்வின் அவலத்தைத் தமிழகத்துக்கு உணர்த்தியது. இரக்கம் அதன் ஆற்றல். அதன் எல்லையும் அதுவே. எருவாகிப்போன மனிதரை அதிற் காண்கின்றோம். மற்றை உரத்தைக் காண்பது அரிது.

அவ்விரு பொருளும் ஒன்றிய இடம் சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதை. தோட்டத்திலேயே 1914இல் பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் அவரைத் தெரிந்த மக்களுட் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். 1952 தேர்தலில் மலையகத் தொழிலாளர் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. அதன் பின்னரே, 1954இல், அவரது ஆங்கில நெடும்பா வெளிவந்தது.

விடியலில் அதிரும் பறையொலியோடு தொடங்கும் அப்பா, தேயிலையின் அடியில் புழுதிக்குள் புழுதியாய்க் கிடக்கும் தந்தையரை உடனே நினைவுகூர்கின்றது. அவர்க்கு நடுகல் இல்லை; ஒரு காட்டுப் பூவும் இல்லை. இதனைப் புலம்பலாக மட்டும் படித்தல் பொருந்தாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவனின் தந்தை எங்கே பிறந்தான் என வினவியது. தந்தை இந்நாட்டிற் பிறந்திலனாயின், பாட்டனும் முப்பாட்டனும் பிறந்த இடத்தை வினவியது. லயத்து அறைகளில் அதற்குச் சான்றுப் பத்திரங்களைத் தேடுவது எங்ஙனம்? கவிஞர் கூறும் மறுமொழி தந்தை எங்கே புதைந்தான் என்பது. எருவாகிய உடலே உரிமைக்குச் சான்றாக நிற்கின்றது. அங்கு உரம் திண்மையாகின்றது. தன்னிரக்கம் சிறிதும் இன்றி இதனைச் சொல்லியமையே அப்பாவின் தனிச்சிறப்பு.

சக்தீ பால ஐயா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என 1969இல் தமிழாக்கினார். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1964 ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென இரு அரசுகளும் முடிவுசெய்திருந்தன. பின்னர் மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. புறப்பட்டவர்களின் முன்னோர் தேயிலைத் தூரடியிலேயே இருந்தனர்.