மூலமும் உரையும்: பழைய காரில் புதிய ஒலி

பழைய கார்களைப் போற்றிப் பாதுகாப்போரிடையே தீராத வழக்கொன்று உண்டு. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வண்டியில் இக்காலத்து ஒலிக்கருவியைப் பொருத்தலாமா, கூடாதா என்பதே அது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வண்டி இருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். பாட்டுக் கேட்க இயலாத பயணம் என்ன பயணம் என்பர் மறு சாரார். இவ்விரு கூற்றையும் எடைபோடுமுன், காருக்குள் ஒலி புகுந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

சிகாகோவில் சிறு நிறுவனமொன்றை நடத்திவந்த பால் கால்வின், 1930-ஆம் ஆண்டில் தம் ஸ்டூடிபேக்கர் காரில் வானொலிப் பெட்டியொன்றைப் பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டிக்குச் சென்றார். அங்கே வானொலி உற்பத்தியாளர்களின் மாநாடு நடந்துகொண்டிருந்தது. உள்ளே கடை விரிக்க அவருக்கு வசதியில்லை. ஆகவே வண்டியை வெளியே நிறுத்தி, வருவோர் போவோர் செவியில் விழுமாறு வானொலியை ஒலிக்கச் செய்தார். அக்கருவிக்கு அவர் இட்ட பெயர் மோட்டோரோலா. அப்பெயரையே 1947-இல் அவருடைய நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. புதிய ஃபோர்டு கார் 500, 600 டாலருக்குக் கிடைத்த அந்நாளில் இப்பெட்டியின் விலை ஏறத்தாழ 110 முதல் 130 டாலர் வரை இருந்தது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த ஸ்டூடிபேக்கர், வானொலியோடு தொழிற்சாலையை விட்டு வந்த வண்டியன்று. அக்காலத்தில் காரில் வானொலி பொருத்துவது அறுவை மருத்துவத்தை ஒத்தது. கூரையின் உட்துணியை நீக்கி அலைவாங்கிக் கம்பியைப் பரப்ப வேண்டும். தனி மின்கலங்களை வைக்கத் தரைப்பலகையில் இடம் வெட்ட வேண்டும். எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலை அடக்கத் தடைகள் பூட்ட வேண்டும். ஆக, கார் வானொலியின் வரலாறே பிறர் செய்த வண்டியைத் துளையிட்டுத்தான் தொடங்கியது. "தொழிற்சாலையிலிருந்து வந்தபடி" என்னும் கொள்கையைக் கடுமையாகப் பற்றினால், அவ்வண்டிகளில் எஞ்சுவது மௌனம் மட்டுமே.

ஜெர்மனியில் 1932-இல் புளாவ்புங்க்ட் வெளியிட்ட கார் வானொலி, சிறிய கார் ஒன்றின் விலையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெறுமானமுடையது. பெட்டியோ பெரிது, ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் அதற்கு இடமில்லை. எனவே அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைத் திசைதிருப்பித் தண்டில் அமைத்தனர். அக்கால வானொலிகள் வால்வுகளால் இயங்கியவை. வால்வுக்கு 200 வோல்ட் அளவில் மின்சாரம் வேண்டும். வண்டியின் மின்கலமோ பெரும்பாலும் 6 வோல்ட். அதிர்வி என்னும் சிறு உறுப்பு மின்னோட்டத்தை இடைவிடாது வெட்டிவெட்டி விட, மின்மாற்றி அதை உயர்த்தித் தந்தது. குமிழைத் திருகினால் முதலில் அவ்வதிர்வியின் முரலொலி கேட்கும். வால்வுகள் சூடேறிய பின்னரே குரல் மெல்ல எழும். அந்தக் காத்திருப்பும் பழைய வண்டியின் ஒரு பகுதிதான் என்பதை அதில் அமர்ந்து பார்த்தவர் அறிவர்.

பின்னர் மாற்றங்கள் விரைந்து வந்தன. பண்பலை கேட்கும் கார் வானொலி 1952-இல் தோன்றியது. முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் வானொலியைப் பில்கோ நிறுவனத்தின் துணையோடு கிரைஸ்லர் 1955-இல் அறிவித்தது. அடுத்து வந்த 1956-ஆம் ஆண்டு வண்டிகளுக்காக, ஓடும் காரில் இசைத்தட்டைச் சுழலவிடும் கருவியையும் அதே நிறுவனம் விற்றது. நிமிடத்திற்கு 16⅔ சுற்று சுழலும் அத்தட்டுகள் பொதுக் கடைகளில் கிடைக்கும் தட்டுகளோடு ஒத்துப்போகாதவை. சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி மறைந்தது. எட்டுத்தட நாடாவை 1966-ஆம் ஆண்டு வண்டிகளுக்கென ஃபோர்டு ஏற்றது. அதை உருவாக்கிய வில்லியம் லியர், 1930-இல் கால்வினுக்குத் துணைநின்ற அதே மனிதர்! பிலிப்ஸ் 1963-இல் அறிமுகம் செய்த சிறு கேசட் அந்நாடாவையும் வென்றது. 1984-இல் காரில் குறுந்தட்டு வந்தது. ஒவ்வொன்றும் தன் காலத்தில் "மேம்பாடு" என்றே வரவேற்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

உண்மையான இழப்பு இதன் நடுவே நேர்ந்தது. பழைய கார்களின் முன்பலகையில் இரண்டு குமிழ்களுக்கும் நடுவே ஓர் அலைவரிசைக் கண்ணாடிக்கும் மட்டுமே துளைகள் இருந்தன. பின்னர் வந்த கருவிகள் 18 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட செவ்வக வாயைக் கேட்டன. ஜெர்மானியத் தர அளவாக விளங்கிய இதுவே உலக அளவாயிற்று. விளைவு, கேசட் கருவிக்காகப் பல பழைய முன்பலகைகள் அரத்துக்கும் வாளுக்கும் இரையாயின. கதவுகளில் ஒலிபெருக்கிக்காக வட்டங்கள் அறுக்கப்பட்டன. கேசட் போயிற்று, அறுத்த காயம் மட்டும் நிலைத்துவிட்டது.

வெட்டாமல் பொருத்த முயல்வோர்க்கும் இடர்கள் உண்டு. இன்றைய கருவிகள் 12 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. அமெரிக்காவில் விற்ற வோக்ஸ்வாகன் பீட்டில் 1966-ஆம் ஆண்டு வடிவம் வரை 6 வோல்ட்டில் ஓடியது. எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் 1967 வரை மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவியின் உலோக உறையோ எதிர்முனையைச் சார்ந்தது. அது வண்டியின் உடலைத் தொட்டால் மின்சுற்று குறுகிக் கருவி எரியும். மேலும் அவ்வண்டிகளின் டைனமோ தருவது 20 ஆம்பியர் அளவே. இரவில் விளக்கெரிய, வண்டி மெல்ல ஊர்கையில், பெரிய பெருக்கி ஒன்று மின்கலத்தையே குடித்துவிடும்.

அப்படியாயின் பழைய வானொலியைப் பழுதுநீக்கி வைத்துக்கொள்வதே போதும் எனலாம். ஆனால் கேட்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமே! பெரும்பாலான பழைய கார் வானொலிகள் மத்திய அலையை மட்டுமே அறிந்தவை. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அலையைக் கைவிட்டது. பிரான்சின் பொது வானொலியும் அவ்வாறே செய்தது. நார்வே 2017-இல் தேசியப் பண்பலை ஒலிபரப்பையே நிறுத்திவிட்டது. கருவி பழுதின்றி இருக்கிறது. அதனோடு பேசுவதற்குத்தான் ஆளில்லை.

தமிழ் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. புறநானூற்றை 1894-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏட்டில் சிதைந்திருந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பவில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டினார். அதே வேளையில் குறிப்புரையும் தந்து நூலை நமக்குப் படிக்கத்தக்கதாக்கினார். மூலம் மூலமாக நின்றது. உரை அதனருகே நின்றது. பின்வந்தோர் வேறு உரை எழுதவும் வழி திறந்திருந்தது.

பழைய காரிலும் இந்நெறி கைகூடும். பழைய வானொலியின் முகத்தையும் குமிழ்களையும் அப்படியே வைத்து, கைப்பேசியின் இசையை ஏற்கும் இணைப்பொன்றை மட்டும் அதன் உள்ளே சேர்க்கலாம். சிறு பெருக்கியை இருக்கைக்கு அடியில் மறைக்கலாம். கதவை அறுப்பதற்கு மாறாக, முன்பலகையின் ஒற்றை ஒலிபெருக்கி இருந்த இடத்திலேயே இரு சுருள் கொண்ட ஒலிபெருக்கியை அமைத்து இருபுற இசையையும் கேட்கலாம். பன்னாட்டுப் பழம்வண்டிக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் வற்புறுத்துவதும் இதனையே: மாற்றம் அடக்கமாக இருக்கட்டும், மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பத்தக்கதாக இருக்கட்டும், கழற்றிய உறுப்புகள் வண்டியோடே பேணப்படட்டும்.

கால்வின் தம் காரைத் துளைத்தபோது அது பழம்பொருளன்று. அவரைக் குறை கூறுதல் தகாது. நம் கையில் இருப்பவையோ இனி உற்பத்தியாகாதவை. ஆதலால் பாட்டுக் கேட்பதில் பிழையில்லை என்றே கருதுகிறோம். நமக்குப் பின் அவ்வண்டியைப் பெறுபவர், நாம் சேர்த்ததை ஒரு திருப்புளி கொண்டு கழற்றி வைக்க இயல வேண்டும். அவ்வளவே நாம் வேண்டுவது.