மடங்கள் மூடப்பட்ட பின்

மன்னர்கள் மாறுவதை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறும். மடங்கள் மூடப்பட்டதால் சிற்றூர் மக்கள் பட்ட பாட்டை அவை அவ்வளவாகக் கூறுவதில்லை. செருமனியின் பவேரியா நாட்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

1801-ஆம் ஆண்டு லூனேவில் உடன்படிக்கையின்படி ரைன் நதியின் மேற்குக் கரை பிரான்சுக்குச் சேர்ந்தது. அங்கு நிலம் இழந்த சிற்றரசர்களுக்குத் திருச்சபையின் உடைமைகளைக் கொண்டு ஈடு செய்ய முற்பட்டனர். 1803 பிப்ரவரி 25-இல் எடுக்கப்பட்ட முடிவு, மடங்களின் சொத்துகளை ஆட்சியாளர்கள் தம் விருப்பம்போல் கையாள வழிவகுத்தது. பவேரிய அமைச்சர் மான்ட்கெலாசு இதனை விரைந்து நிறைவேற்றினார். வெறுமையாய்க் கிடந்த கருவூலத்தை நிரப்புவதும் அவர் நோக்கங்களுள் ஒன்று.

ஆல்ப்சு மலையடிவாரத்தில், எட்டாம் நூற்றாண்டில் தோன்றிய பெனடிக்ட்பாய்ர்ன் மடமும் அவ்வாண்டே மூடப்பட்டது. அதன் நூலகத்தை ஆராய்ந்த அரேத்தின் என்பார், பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாடற்சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். மியூனிக் நகருக்குச் சென்ற அச்சுவடி 1847-இல் ‘கார்மினா புரானா’ என்னும் பெயரில் அச்சேறியது. 1805-இல் மடத்தை விலைக்கு வாங்கிய உட்சுனைடர் அங்கே கண்ணாடித் தொழிற்கூடம் நிறுவினார். அங்குப் பணியாற்றிய பிரௌன்கோபர், 1814-இல் சூரிய ஒளிக்கற்றையின் கருங்கோடுகளை ஆராய்ந்து அறிவியலுக்குப் புதுவழி திறந்தார்.

இவை யாவும் உலகம் பெற்ற பேறு. ஊர் இழந்தது வேறு. மடமே அங்கு நிலக்கிழார். கூலி கொடுப்பதும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும், வாயிலில் வந்து நின்ற ஏழைக்கு உணவளிப்பதும் அதுவே. துறவியருக்கு அரசு ஓய்வூதியம் வழங்கியது; மடத்தை நம்பி வாழ்ந்த பணியாளர் பலரோ பிழைப்பிழந்தனர். உழவர்க்கும் உடனே விடிவு வரவில்லை. மடத்துக்குச் செலுத்திய வாரத்தை அரசுக்குச் செலுத்தினர். நிலக்கிழமை முறை சட்டப்படி ஒழிந்தது 1848-இல்தான்.

பின்னர் மன்னர் முதலாம் லுட்விக் சில மடங்களை மீண்டும் திறக்கச் செய்தார். 1830-இல் மெட்டன் மடம் உயிர்பெற்றது. பெனடிக்ட்பாய்ர்னுக்கோ 1930-இல்தான், சலேசிய சபை வழியாக, துறவியர் வாழ்வு திரும்பியது.

மடத்தின் நிலத்தையும் நூலையும் கணக்கிட்டு எடுத்துக்கொண்ட அரசு, அம்மடம் சுமந்த கடமைகளைக் கணக்கில் கொள்ளவில்லை. பழைய அமைப்புகளில் குறை இருக்கலாம். அவற்றை நீக்கும் உரிமையும் அரசுக்கு இருக்கலாம். ஆயினும், அவை ஆற்றிவந்த பணியை இனி ஆற்றப்போவது யார் என்னும் வினாவுக்கு முதலில் விடை காண்பதே நல்லாட்சிக்கு அழகாகும்.