கிடாரும் கால்ஷீட்டும்

சினிமாப் பாட்டைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதெல்லாம் மெட்டுப் போட்டவர், பாட்டு எழுதியவர், பாடியவர் என்ற மூன்று பேரோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டில் கிடார் வாசித்தவரைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு பக்கமாவது வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். நம்மில் பாதிப்பேர் சினிமா சங்கீதத்தையே பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்திய மீதிப்பேர் வாசித்தவரைப் பொருட்படுத்தவில்லை.

இந்த நினைப்பு எனக்கு வந்த இடம் குயிலாப்பாளையம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பி, செம்மண் மேட்டில் ஏறினால் வருகிற ஊர். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி ஆரோவில் தொடங்கப்பட்ட நாளிலிருந்து அதற்கு வாசற்படிபோல ஆகிவிட்டது. அங்கே ஒரு டீக்கடையில் பழக்கமானவர், பல வருஷம் மரக்காணத்து உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவருடைய பையனுக்கு, ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் கிடாரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதோடுதான் இருக்கிறான். "நல்லாத்தான் வாசிக்கிறான். இத வச்சிக்கினு பொழைக்க முடியுமா சார்?" என்று கேட்டார். எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளும் பிழைத்திராத என்னிடம் கேட்டார். அவரிடம் அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இந்த வாத்தியத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைத்த இடம் கோடம்பாக்கம். அதற்கு முன்னால் மெட்ராஸில் கிடார் ஆங்கிலோ-இந்தியர் வீட்டுச் சாமான். ரயில்வே குடியிருப்புகளிலும், கிறிஸ்துமஸ் நடனங்களிலும், ஹோட்டல் பேண்டுகளிலும் கேட்டது. மெட்ராஸில் 1842இலிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் கடையில் வாங்கலாம். லண்டன் டிரினிட்டி காலேஜின் பரீட்சைக்கும் அந்தக் கடை வழியாகவே போகலாம். சினிமாவுக்கு மேற்கத்திய வாத்தியம் தேவைப்பட்டபோது ஆட்கள் இந்த வட்டத்திலிருந்துதான் வந்தார்கள். எம்.எஸ். விஸ்வநாதன் குழுவில் கிடாருக்கு பிலிப்ஸ், பாங்கோவுக்கும் டிரம்ஸுக்கும் நோயல் கிராண்ட். பெயர்களே வரலாற்றைச் சொல்லிவிடுகின்றன. 1964இல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது தமிழ்க் காது அந்த ஓசைக்குப் பழகியாகிவிட்டது. ஆனால் கிராமத்துப் பையன் ஒருவன் அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் நுழைவது அப்போதும் நடக்கிற காரியமாக இல்லை.

அது நடந்தது அறுபதுகளின் கடைசியில். பண்ணைப்புரத்து ராசையா, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவர், சகோதரர்களோடு மெட்ராஸ் வந்து மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தார். தன்ராஜ் மாஸ்டர் அவருக்கு ஐந்து கோட்டில் எழுதிய சங்கீதத்தை வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தார். பிற்பாடு டிரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிடார் பரீட்சையில் அவர் தங்கப் பதக்கம் வாங்கியதைப் பத்திரிகைகள் ஒரு அலங்காரமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அலங்காரம் என்ன, அதுதான் அவருடைய அரிசிச் சீட்டு. 1976இல் 'அன்னக்கிளி' வருகிற வரைக்கும் அவர் கூலிக்குக் கிடாரும் ஆர்கனும் வாசித்தவர், ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளர், சலீல் சௌத்ரிக்குக் கிடார்காரர். பிறர் எழுதியதை வாசித்துக்கொண்டே, எழுதுவது எப்படி என்று உள்ளே உட்கார்ந்து பார்த்த வருஷங்கள் அவை. இளையராஜாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பண்ணைப்புரத்து வயலையும் நாட்டுப்பாட்டையும் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கூலி வருஷங்களை ஏதோ காத்திருந்த காலம்போலத் தாண்டிவிடுகிறார்கள். அவருடைய பிற்கால இசையின் அஸ்திவாரம் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்ராயம்.

நொட்டேஷன் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கிடார்காரனுக்கு அது மற்றவர்களைவிடக் கஷ்டம். பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டைதான். கிடாரில் மேல் கம்பியைத் திறந்தபடி மீட்டினால் வருகிற அதே ஸ்வரம் இரண்டாவது கம்பியில் ஐந்தாவது மெட்டில் இருக்கிறது, மூன்றாவதில் ஒன்பதாவது மெட்டில் இருக்கிறது, நான்காவதில் பதினான்காவது மெட்டிலும் இருக்கிறது. தாளில் எழுதியிருப்பது ஒரு புள்ளி. கையை எங்கே கொண்டுபோவது என்று அது சொல்லாது. அடுத்த புள்ளியும் அதற்கடுத்ததும் எங்கே என்று பார்த்துவிட்டு, வாசித்துக்கொண்டிருக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். காதால் கேட்டு அற்புதமாக வாசிக்கிற எத்தனையோ பேர் ஸ்டுடியோ வாசலோடு நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

ஏனென்றால் எண்பதுகள் வரைக்கும் பாட்டு ஒரே மூச்சில் பதிவானது. காலையில் ஒரு கால்ஷீட், மதியத்துக்கு மேல் ஒரு கால்ஷீட். இசையமைப்பாளர் அன்றைக்குக் காலையில் எழுதியதை உதவியாளர்கள் வாத்தியத்துக்கு ஒரு தாளாகப் பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். வயலின் வரிசையும் புல்லாங்குழலும் தபலாவும் பாடகரும் கூடியிருக்க, ஒரு ஆள் பிசகினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. முப்பது நாற்பது பேருடைய உழைப்பை ஒரு விரல் கெடுத்துவிட முடியும். இந்தத் தொழிலில் மேதைமைக்கு இருந்த விலையைவிட, பிசகாமல் இருப்பதற்கு இருந்த விலை அதிகம். நேரத்துக்கு வருவது, பார்த்ததும் வாசிப்பது, சொன்னதை வாசிப்பது, தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது ஆகிய நான்கும் சேர்ந்தால் மறுநாளும் கூப்பிடுவார்கள். ஜீவனம் என்பது இந்த 'மறுநாளும்'. கலைஞனைப் பற்றி நாம் வைத்திருக்கிற கற்பனைக்கு இது நேர் எதிர் என்பதால்தானோ என்னவோ, இவர்களைக் கலைஞர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

கூலிக்காரர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று முதலில் உணர்ந்தவர் எம்.பி. ஸ்ரீநிவாசன். அவரும் கம்யூனிஸ்ட், 'பாதை தெரியுது பார்' படத்துக்கு 1960இல் இசையமைத்தவர். சினிமா வாத்தியக்காரர்களுக்கு மெட்ராஸில் யூனியன் உருவாக முன்நின்றார். இன்ன வேலைக்கு இன்ன கூலி, இத்தனை மணிக்கு மேல் போனால் கூடுதல் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். ஒரு இசையமைப்பாளர் வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கூலி கேட்டார் என்பது அந்த உலகத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை, பத்திரிகைக்குச் சன்மானம் கேட்கவே கூச்சப்படுகிற நமக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

இப்போது ஒரு பாட்டு. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யின் 'இளைய நிலா'. தமிழ்நாட்டில் கிடார் வாங்குகிற பையன்களில் பெரும்பாலோர் முதலில் வாசித்துப் பார்க்கிறது அதன் ஆரம்பத்தைத்தான். குயிலாப்பாளையத்துப் பையனும் அதைத்தான் வாசித்தான். அதை வாசித்த விரல்கள் ஆர். சந்திரசேகருடையவை. இன்றைக்கு இது கொஞ்சம் பேருக்குத் தெரிகிறது. படம் ஓடிய காலத்தில் யாருக்குத் தெரியும்? திரையில் மைக் முன்னால் நின்றது மோகன். அதற்கு இரண்டு வருஷம் முன்பு 'மூடுபனி'யில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டிருந்தது பிரதாப் போத்தன். பாடுவதற்கு உதட்டை அசைக்கிறவருக்குப் பின்னால் ஒரு பாடகர் இருக்கிறார் என்று ஜனங்களுக்குத் தெரியும், அவருடைய பெயரும் தெரியும். கம்பிமேல் விரலை அசைக்கிறவருக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. சசிதரனின் பேஸ் கிடாரும் அப்படியே. அதை எடுத்துவிட்டால் எண்பதுகளின் பாட்டுகள் பலவும் எலும்பு உருவின உடம்பு மாதிரி ஆகிவிடும். தமிழர்கள் இருபது வருஷம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதைக் கேட்டார்கள், கேட்கிறோம் என்று தெரியாமலே.

பெயர் இல்லாமல் போனது வெறும் மனவருத்தத்துக்குரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்க்கிற வரைக்கும். 1957ஆம் வருஷத்துச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. பாடுகிறவர், வாசிக்கிறவர் முதலியோருக்கு வணிகப் பயன்பாட்டிலிருந்து ராயல்டி பெறும் உரிமை அந்தத் திருத்தத்தில் வந்தது. நல்லது. ஆனால் அதே திருத்தம், நிகழ்த்துகிறவர் யார் என்கிற வரையறையில் ஒரு விலக்கையும் சேர்த்தது: சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கும் குறிக்கப்படாமலும் இருந்தால் அவர் நிகழ்த்துகிறவராகக் கருதப்பட மாட்டார். சட்டம் எழுதியவர்கள் கூட்டத்தில் நிற்கிற துணை நடிகரை நினைத்து எழுதியிருக்கலாம். 'இளைய நிலா'வின் கிடாரைத் துணையானது என்று வாதாட எந்த வக்கீலுக்கும் கொஞ்சம் கூச்சம் வேண்டியிருக்கும். இருந்தாலும் பாருங்கள், பெயர் போடாதது என்ற பழக்கம், அதைச் செய்தவர்களுக்கே சாதகமான ஒரு நிபந்தனையாகச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. விலக்குக்குள் ஒரு விலக்கும் உண்டு: அப்படிப்பட்டவருக்கும், தன் நிகழ்த்துதலைச் சிதைத்து நற்பெயருக்குக் கேடு செய்தால் தடுக்கிற உரிமை இருக்கிறது. பெயரே போடாதவருக்கு நற்பெயர்!

ஸ்டுடியோவை விட்டால் வேறு வழி இருந்ததா? சபா இருந்தது. யு. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் எலெக்ட்ரிக் மாண்டலினோடு வந்தபோது சபாக்கள் முதலில் முகம் சுளித்து, பிறகு தலையில் தூக்கிவைத்துக்கொண்டன. அதே சுமாரான காலத்தில் சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். மாண்டலினுக்குக் கிடைத்த வரவேற்பு கிடாருக்குக் கிடைக்கவில்லை. மெட்டு வைத்த வாத்தியத்தில் கமகம் வராது என்பார்கள். வீணையிலும்தான் மெட்டு இருக்கிறது. கம்பியை இழுத்துத்தானே கமகம் பண்ணுகிறார்கள்? சினிமாவும் டான்ஸும் ஒட்டிக்கொண்டிருந்த வாத்தியம் என்பதுதான் உண்மையான ஆட்சேபம் என்று படுகிறது. ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, பாஸ்டன் நகரத்து பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போய், வயலின் கன்யாகுமரியிடம் கற்றதையும் ஜாஸையும் ஒரே வாத்தியத்தில் வைத்தார். அவர் பெயர் அவருடைய வாசிப்போடு வருகிறது. 2010இல் அவர் தலைமையில் ஒரு இசைப்பள்ளி, ஸ்வர்ணபூமி அகாதமி, தொடங்கிய இடம் செய்யூர்ப் பக்கம். குயிலாப்பாளையத்திலிருந்து மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி அதே கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் இடம். தூரம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் ஐ.ஐ.டி. வழியாகவும் பாஸ்டன் வழியாகவும் சுற்றி வந்த பாதையை உப்பளக்காரர் பையனுக்கு வழி என்று காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மெஷின் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1992இல் 'ரோஜா' வந்தது. வாத்தியக்காரர்களைத் தனித்தனியாக வரவழைத்து, அடுக்கடுக்காகப் பதிவுசெய்து சேர்க்கிற முறை நிலைத்தது. வயலின் வரிசைகள் காலியாயின. இதில் ஒரு விசித்திரம், கிடார்காரர்கள் அவ்வளவாகக் காலியாகவில்லை. கிடாரைச் சாத்தும்போது ஆறு கம்பியும் ஒரே கணத்தில் அதிர்வதில்லை. கை கீழே போகிறபோது ஒரு வரிசை, மேலே வருகிறபோது வேறு வரிசை, இரண்டு தடவை ஒரே மாதிரி இருக்காது. கீபோர்டால் இதைப் போலி செய்ய வெகுகாலம் முடியவில்லை. கீத் பீட்டர்ஸின் பேஸ் கிடாரும் அந்தக் காலத்துப் பாட்டுகளில் அசலாகவே நின்றது. ஆனால் முப்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் பிசகுக்கு எல்லோரும் காத்திருந்து, ஒன்றாக எழுந்து டீ குடிக்கப் போன அந்தக் கூடம் போய்விட்டது. சங்கம் பலமாக இருந்ததும் அந்தக் கூடத்தினால்தான். தன் வீட்டு அறையில் வாசித்து அனுப்புகிற ஒற்றை ஆள் யாரோடு சேர்ந்து கூலி பேசுவார்?

போன மாதம் மறுபடி குயிலாப்பாளையம் போனேன். முதலில் நொட்டேஷன் படிக்கச் சொல்லுங்கள், கூடவே பள்ளிக்கூடத்தையும் விடவேண்டாம் என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவருக்கு வேறு கவலை. கடல்காற்றில் கம்பி துருப்பிடித்து, மாற்றி ஒரு மாதம் ஆகவில்லை, மேல் கம்பி இரண்டும் கறுத்துவிட்டன. புதுசுக்குப் பாண்டிச்சேரி போகவேண்டும். "உப்புக்காத்து சார், இரும்ப உடாது. ராவுல வாசிச்சி முடிச்சதும் தொடச்சி வெக்கணும், இவன் எங்க கேக்கறான்" என்று சொல்லிக்கொண்டே, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் துடைக்க ஆரம்பித்தார்.