கடை வாசலில் நின்ற மரப்பதுமை

ஒரு பெருநகருக்குப் புதிதாகச் செல்பவன் எதைத் தேடி நடக்கிறான் என்பதைக் கொண்டு அவனுடைய இயல்பை ஓரளவு சொல்லிவிடலாம். ஒருவன் கோயிலைத் தேடுவான். ஒருவன் நூல்நிலையத்தைத் தேடுவான். வேறொருவன் நல்ல சாப்பாட்டுக் கடையைத் தேடுவான். இலண்டன் மாநகருக்கு வந்தவர்களிற் பலர் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாக இன்னொன்றையும் தேடி வந்திருக்கின்றனர். அதுதான், சுங்கானில் இட்டுப் புகைக்கும் புகையிலையைத் தரமறிந்து விற்கும் நல்லதொரு கடை.

சுருட்டுக் கொட்டில்களை அறிந்த நம் நேயர்களுக்குப் புகையிலையின் மணம் புதிதன்று. ஆனால், இலண்டனுக்குப் புதிதாக வந்தவன் அந்தக் கடையை எவ்வாறு அடையாளங் கண்டான்? சிறிய கேள்விதான். அதற்கு விடை தேடிச் சென்றால் ஒரு நகரத்தின் வாணிக வரலாறும், அவ்வாணிகத்தின் பின்னால் மறைந்து நின்ற மனிதரின் வரலாறும் ஒருங்கே நம் கண்முன் வந்து நிற்கின்றன.

இங்கிலாந்தில் புகைக்கும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பரவலாயிற்று. முதலில் அதனை மருந்தென்றே பலர் கொண்டனர். மருந்து விற்போரும் அதனை விற்றனர். புதிய வழக்கத்தை வெறுத்தவர்களுள் முதல்வர் மன்னர் முதலாம் ஜேம்ஸ். 1604ஆம் ஆண்டில் புகையிலையைக் கண்டித்து அவரே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில், றாத்தலுக்கு 2 பென்சாக இருந்த இறக்குமதித் தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்சாக உயர்த்தினார். நாற்பது மடங்கு ஏற்றம்! அப்படியிருந்தும் கடைகள் பெருகின. பத்தாண்டுகள் கழித்து, 1614இல், பார்னபி றிச் என்ற எழுத்தாளர் இலண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 7,000க்கு மேற்பட்ட கடைகள் புகையிலையால் வாழ்கின்றன என்று எழுதினார். வழக்கத்தைக் கண்டிக்க எழுந்தவர் கணக்கைச் சற்றுப் பெருக்கியிருக்கலாம். எனினும், மதுச்சாலையிலும் மளிகைக் கடையிலும் புகையிலை கிடைத்த காலம் அது என்பதில் ஐயமில்லை.

இனி, 1619ஆம் ஆண்டை நேயர்கள் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஓராண்டில் மூன்று காரியங்கள் நிகழ்ந்தன. முதலாவது, களிமண் சுங்கான் செய்வோர் மன்னரிடம் சாசனம் பெற்றுத் தமக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டனர். புகையிலையை வெறுத்த மன்னரே அதனாற் பிழைத்தோருக்குச் சாசனம் அளித்தார்! இரண்டாவது, இங்கிலாந்தின் மண்ணிலே புகையிலை பயிரிடுதல் தடைசெய்யப்பட்டது. அதற்கு ஈடாக வேர்ஜீனியாக் குடியேற்றத்தை நடத்திய வணிகக் கழகம் கூடுதல் தீர்வை செலுத்த இணங்கியது. ஜோன் றொல்ப் என்பவர் 1612ஆம் ஆண்டளவில் வேர்ஜீனியாவில் நட்டுப் பார்த்த மேலிந்தியத் தீவுப் புகையிலை அங்கே செழித்து வளர்ந்திருந்தது. இலண்டன் கடைகளின் சாடிகளை நிரப்பும் உரிமை இவ்வாறு கடல் கடந்த தோட்டங்களுக்குச் சென்றது.

மூன்றாவது நிகழ்ச்சி, அவ்வாண்டு ஆகஸ்து மாத இறுதியிலே வேர்ஜீனியாக் கரையில் நிகழ்ந்தது. ஆபிரிக்காவிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட மக்கள் ஒரு கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, உணவுப் பொருள்களுக்குப் பண்டமாற்றாகக் கொடுக்கப்பட்டனர். பின்னர் வந்தவர்கள் ஆயிரமாயிரம். இலண்டனில் ஒருவன் சுங்கானைப் பற்றவைத்து ஆறுதலாக ஊதிய புகைக்கு, அவன் அறியாத ஒரு நாட்டில் வேறொருவன் தன் வாழ்நாளையே விலையாகக் கொடுத்தான்.

அக்காலத்துச் சுங்கான் வெண்களிமண்ணாற் செய்யப்பட்டது. விலை மலிவு, கைதவறி விழுந்தால் உடைந்துபோகும். உடைந்ததை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவார்கள். இன்றும் தேம்ஸ் நதியில் நீர் வற்றும் வேளையில் கரைச் சேற்றிலே அந்த வெண்துண்டுகள் கிடைக்கின்றன. புகையிலை அருமையாக இருந்த நாளிற் சுங்கானின் கிண்ணம் மிகச் சிறிது. விலை குறையக் குறையக் கிண்ணம் பெரிதாயிற்று. ஆகையால், கிண்ணத்தின் அளவைப் பார்த்தே ஒரு துண்டின் காலத்தை ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர்.

வீதிகளில் வீட்டிலக்கம் இல்லாத காலம் அது. எழுத்தறியாதவரும் பலர். ஆகவே ஒவ்வொரு கடையும் ஓர் அடையாளத்தைத் தொங்கவிட்டது. புகையிலைக் கடைக்கு உரிய அடையாளங்களுள் முதன்மையானது ஒரு மரப்பதுமை. கறுத்த மேனி, தலையிலே இறகு முடி, இடையிலே புகையிலை இலைகளாலான ஆடை, கையிலே சுங்கான் அல்லது புகையிலைச் சுருள். இதனைக் ‘கறுப்புச் சிறுவன்’ என்றும் ‘வேர்ஜீனியன்’ என்றும் மக்கள் அழைத்தனர். அமெரிக்கப் பழங்குடியினரும் ஆபிரிக்க அடிமையும் ஒன்றாகக் கலந்த உருவம் அது. அதைச் செதுக்கிய தச்சன் இருவரில் ஒருவரையேனும் நேரிற் கண்டிருந்தானோ என்பது ஐயத்துக்குரியது.

அப்பதுமையின் முகத்திலே புன்னகை இருக்கும். ஊருக்குப் புதியவன் அதனைக் கண்டதும் தான் தேடிய இடம் கிடைத்துவிட்டதென்று உள்ளே நுழைவான். தோட்டத்திற் பாடுபட்டவனின் உருவமே கடைக்கு வழிகாட்டியாய் நின்றது. ஆனால் அவன் பட்ட பாட்டை அது யாருக்கும் காட்டவில்லை. பிற்காலத்தில், மூக்குத்தூள் விற்கும் கடைகளின் வாசலில் ஸ்கொத்லாந்து மலைநாட்டு வீரனின் பதுமை நிற்கலாயிற்று.

தொங்கும் பலகைகள் காற்றில் ஆடி இரைந்தன. சில சமயம் வழிப்போக்கர் தலைமேலும் விழுந்தன. 1762ஆம் ஆண்டு வெஸ்ற்மின்ஸ்ரர் வீதிகளைச் சீர்செய்ய இயற்றப்பட்ட சட்டத்தின்பின், அவை அகற்றப்பட்டன அல்லது சுவரோடு சேர்த்துப் பதிக்கப்பட்டன. கதவுகளில் இலக்கங்கள் தோன்றின. கடையின் உருவத்தைப் பார்த்துத் தேடிய காலம் போய், கடைக்காரரின் பெயரையும் இலக்கத்தையும் கேட்டுத் தேடும் காலம் வந்தது.

அந்த மாற்றத்தைத் தன் வாழ்விலே கண்ட கடைகளுள் ஒன்று ஹேமார்க்கட் வீதி 34ஆம் இலக்கத்தில் இருந்தது. 1720இல் தொடங்கப்பட்ட இக்கடை பின்னர் ‘பிறிபேர்க் அன்ட் றேயர்’ என்ற பெயரால் விளங்கியது. அதன் பழைய அடையாளம் ‘அரமும் முடியும்’ என்பது. அரம் இங்கு எதற்கு எனலாம். இறுகக் கட்டிய புகையிலையை அரத்திலே தேய்த்துத்தான் அந்நாளில் மூக்குத்தூள் செய்தார்கள். 1702இல் ஆங்கிலக் கடற்படை ஸ்பானியரிடமிருந்து பெருந்தொகையான மூக்குத்தூளைக் கைப்பற்றிக் கொண்டுவந்தபின், அவ்வழக்கம் இங்கிலாந்தில் வேகமாகப் பரவியிருந்தது. அரசகுடும்பத்தினரும் பிரபுக்களும் இக்கடையின் வாடிக்கைக்காரராயினர். கதவின் இருபுறமும் வீதியை நோக்கி வளைந்து நிற்கும் கண்ணாடி யன்னல்கள் அதன் தனியழகு. 1981இல் கடை மூடப்பட்டது. யன்னல்கள் மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் பகுதியாக இன்றும் நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கானின் உருவமும் மாறிற்று. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒருவகைப் புதரின் வேர்க்கணு நெருப்பைத் தாங்கும் என்று கண்டனர். பிரான்சின் சேன் குளோட் நகரத்துக் கைவினைஞர் அதிலே சுங்கான் கடைந்தனர். ‘பிறையர்’ எனப்படும் இச்சுங்கான் பல ஆண்டு உழைப்பது. நெடுநாள் உழைக்கும் சுங்கான் கைக்கு வந்ததும், அதற்கேற்ற புகையிலையைத் தேர்ந்தெடுக்கும் நுட்பமும் வளர்ந்தது.

அந்நாளில் ஒரு கதைநூலே மக்களைக் கடை தேட வைத்தது. ஸ்கொத்லாந்திலிருந்து எழுத்துத் தொழிலை நம்பி இலண்டனுக்கு வந்தவர் ஜேம்ஸ் பரி. பிற்காலத்தில் ‘பீற்றர் பான்’ நாடகத்தால் உலகப் புகழ் பெற்றவர். 1890இல் அவர் வெளியிட்ட ‘மை லேடி நிக்கொட்டின்’ என்ற நகைச்சுவை நூலில் ‘ஆர்க்கேடியா’ என்றொரு புகையிலைக் கலவை வருகிறது. அதன் சுவையை அறிந்த நண்பர் சிலர் அதனைத் தகுதியற்றவர்க்குச் சொல்லாமல் மறைத்து வைக்கின்றனர். நூலைப் படித்தவர்கள், அஃது எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கினர். வார்டர் வீதி 7ஆம் இலக்கத்தில் இருந்த கரேராஸ் என்பவரின் கடையில் விற்கப்பட்ட ‘கிறேவன்’ கலவையே அது என்று பரி பின்னர் ஒப்புக்கொண்டார். கடைக்காரர் விடுவாரா? அதை விளம்பரமாக்கினார். வாடிக்கைக்காரர் குவிந்தனர்.

அந்தக் கடையின் யன்னலில் ஒரு கறுப்புப் பூனை படுத்து உறங்குவது வழக்கமாம். பெயரை மறந்தவர்கள் ‘கறுப்புப் பூனைக் கடை எங்கே?’ என்று கேட்டு வந்தனர் என்பர். பூனையே அந்நிறுவனத்தின் அடையாளமாகி, 1928இல் எகிப்தியக் கோயிலைப் போல் எழுப்பப்பட்ட அதன் பெரிய தொழிற்சாலையின் வாசலிலும் சிலையாய் அமர்ந்தது. அத்தொழிற்சாலைக்கு இட்ட பெயர் ‘ஆர்க்கேடியா’. இலக்கம் வந்த பின்னும் மனிதர் உருவத்தைக் கொண்டே கடையை நினைவில் வைத்தனர் என்பதற்கு இது நல்ல சான்று.

நல்ல கடை என்பதற்கு இலக்கணம் யாது? அதனை அறிய சென் ஜேம்ஸ் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே டியூக் வீதியில் 1907இல் அல்பிரட் டன்ஹில் ஒரு கடை திறந்தார். அவருடைய குடும்பத் தொழில் குதிரைச் சேணம் செய்தல். மோட்டார் வண்டிகள் பெருகியதும் வண்டியோட்டிகளுக்குரிய பொருள்களை விற்றார். அதன் பின்னர் புகையிலைக்கு வந்தார். வந்தவரிடம் அவர் எடுத்தவுடன் சரக்கை நீட்டவில்லை. உமக்கு எத்தகைய சுவை பிடிக்கும், காரமா மென்மையா என்று கேட்டார். வேர்ஜீனியாவின் இனிப்பு இலை, புகைமூட்டிக் கருக்கப்பட்ட சிரியாவின் லற்றாக்கியா, பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைத்த லூயிசியானாவின் பெரிக் ஆகியவற்றை விடைக்கேற்ற அளவிற் கலந்தார். அந்தக் கலவை ‘என் கலவை’ என்ற பேரேட்டில் ஓர் எண்ணிட்டுப் பதியப்பட்டது. பின்னர் அந்த எண்ணைக் குறிப்பிட்டாலே போதும். அதே கலவை கிடைக்கும். வைத்தியர் நாடி பார்த்து மருந்து கூட்டுவதை ஒத்த முறை இது.

1941ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜேர்மன் விமானங்கள் வீசிய குண்டினால் அக்கடை தரைமட்டமாயிற்று. மறுநாட் காலையிலே இடிபாடுகளின் முன் ஒரு மேசையைப் போட்டு வியாபாரம் நடத்தினார்கள். அயலில் சென் ஜேம்ஸ் வீதி 19ஆம் இலக்கத்தில், 1834 முதல் ரொபேட் லூயிஸ் கடை இருந்தது. வின்ஸ்ரன் சேர்ச்சில் 1900 முதல் சுருட்டு வாங்கிய இடம் அது. எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட் கடன் வைத்ததும் அங்கேதான். 1992இல் பொக்ஸ் என்ற டப்ளின் குடும்பத்தின் நிறுவனத்தோடு சேர்ந்து, அக்கடை அதே இடத்தில் தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

ஆனால் புகையிலைக் கடையின் அழிவுக்கு விதையிட்டதும் இலண்டன் நகரமே. 1950இல் றிச்சட் டோல், ஒஸ்ரின் பிரட்போட் ஹில் என்னும் இருவர், இலண்டனின் 20 வைத்தியசாலைகளில் நோயாளரை விசாரித்து எழுதிய ஆய்வு, நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. ஆய்வு நடக்கும்போதே டோல் தம் புகைப்பழக்கத்தைக் கைவிட்டார். சிகரெட்டே பெருங் குற்றவாளியாயினும், சுங்கானும் உதடு, வாய், தொண்டை ஆகியவற்றில் புற்றுநோயை விளைவிக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. 2007 யூலை முதல் இங்கிலாந்தில் பொதுக் கட்டடங்களுள் புகைத்தல் தடுக்கப்பட்டது. 2015இலிருந்து சிறு கடைகளிலும் புகையிலைப் பொருள்களை வெளிப்படையாக அடுக்கி வைத்தல் ஆகாது. புகையிலைக்கென்றே நடக்கும் சிறப்புக் கடைகளுக்குச் சில விலக்குகள் உண்டு; அவையும் வீதியில் செல்வோர் கண்ணில் தம் சரக்கைக் காட்டக்கூடாது.

முன்னாளில் எழுத்தறியாதவனையும் கைகாட்டி அழைத்த கடை, இன்று தேடி வருபவனுக்கும் முகத்தை மறைத்துக்கொள்கிறது. அது நன்றே. எனினும் நேயர்களே, இலண்டனுக்குச் செல்ல நேர்ந்தால் ஹேமார்க்கட்டில் அந்த வளைந்த யன்னல்களின் முன் சற்று நின்று பாருங்கள். புகையிலை வாங்கவேண்டியதில்லை. ஒருவனுடைய விருப்பை அறிந்து, அளந்து, கலந்து கொடுத்த கடைக்காரரின் பொறுமையை நினைத்துக்கொள்ளலாம். அது வணங்கத்தக்க கைத்திறன். அதனுடன் கடை வாசல்களில் புன்னகையோடு நின்ற அந்தக் கறுத்த மரப்பதுமையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வந்தவர்க்கெல்லாம் வழிகாட்டிய அவனை, நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டவர் மிகச் சிலரே. அக்கேள்வியை இன்றாவது கேட்பது வரலாறு படிப்போரின் கடமையாகும்.